மதிய உணவுக்கு முன் ஒரு கேள்வி

கொங்கு வட்டாரத்தில் ஒரு கல்லூரி. மேடை அகலத்துக்கு பேனர். அதில் பன்னாட்டு வணிகம், புதிய போக்குகள், சவால்கள், வாய்ப்புகள் என்று வழக்கமான சொற்கள் எல்லாம் இருந்தன. பத்து மணி விழா, சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேர்ந்த பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் மூன்று, பொன்னாடை, நினைவுப் பரிசு, மலர் வெளியீடு. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் திரையில் தோன்றி இருபது நிமிடம் பேசினார். குரல் பாதி வந்தது, பாதி வரவில்லை. கருத்தரங்குக்கு 'சர்வதேச' என்ற அடைமொழி கிடைத்தது அந்த இருபது நிமிடத்தால்தான்.

ஏற்றுமதி ஆவண வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற தகுதியில் என்னையும் அழைத்திருந்தார்கள். நான் பேசி முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நடு வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "சார், சரக்கைக் கப்பல் ஏத்துனதுக்கு அப்புறம் பையர் வேண்டாம்னுட்டா என்னங்க சார் பண்றது?" அரங்கில் லேசான சிரிப்பு. நான் வாயெடுப்பதற்குள் தொகுப்பாளர் மைக்கை வாங்கி, 'நேரமின்மை காரணமாக' என்று தொடங்கிவிட்டார். நாட்டுப்பண் பாடினோம். சாப்பிடப் போனோம்.

அன்றைக்கு அந்த அரங்கில் பேசப்பட்டதில் பன்னாட்டு வணிகம் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு கேள்விதான். என் பேச்சையும் சேர்த்தே சொல்கிறேன்.

வண்டி நிறுத்தும் இடத்து வேப்பமரத்தடியில் அந்த மாணவியைத் தேடிப் பிடித்தேன். அப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். இத்தனை வருடம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். ஏஜென்ட் ஒருவர் மூலமாக முதன்முதலாக நேரடி ஆர்டர் கிடைத்திருக்கிறது. டி.ஏ., அறுபது நாள். அதாவது பையர் மாற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஆவணங்களை வாங்கிக்கொள்வார். பணம் அறுபது நாள் கழித்து வரும். சரக்கு போய் இறங்கிய வாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார் பையர். நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லையாம். பெட்டிகள் அங்கே துறைமுகக் கிடங்கில். நாளுக்கு நாள் டெமரேஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

வழிகள் உண்டு. அதே ஊரில் வேறு பையரைப் பிடிக்கலாம். விலையைக் குறைத்து இவர் தலையிலேயே கட்டலாம். கட்டுப்படியாகுமானால் திருப்பி எடுத்து வரலாம். எல்லாவற்றுக்கும் முன்பு செய்திருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "அப்பா ஈ.சி.ஜி.சி. பாலிசி எடுத்திருக்கிறாரா?" என்று கேட்டேன். 1957-இல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம் அது. பையர் திவாலானாலும், பணம் தராமல் இழுத்தடித்தாலும், தப்பு நம் பக்கம் இல்லாதபோது சரக்கை ஏற்க மறுத்தாலும் இழப்பில் பெரும்பகுதிக்குக் காப்பு தரும். பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்திருக்கிறார். அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் படிப்பது ஒன்று, வீட்டில் நடப்பது வேறு என்று யாரோ அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே அறையில் சந்திக்க வைக்கத்தான் சிறப்புச் சொற்பொழிவு என்ற ஏற்பாடே பிறந்தது. அது எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் அதைத் தொடங்கி வைத்தவர் பேராசிரியர் கிடையாது. ஒரு துணி வியாபாரி.

தாமஸ் கிரெஷாம் பதினாறாம் நூற்றாண்டு லண்டன்காரர். இங்கிலாந்துத் துணியைக் கடல் கடந்து ஆன்ட்வெர்ப் சந்தையில் விற்ற குடும்பம். அரசிக்காக அங்கே கடன் பேசி வாங்கித் தந்தவரும் அவரே. ஆன்ட்வெர்ப்பில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அதுபோல் ஒன்றை லண்டனில் எழுப்பினார். 1571-இல் எலிசபெத் அரசி நேரில் வந்து அதற்கு 'ராயல் எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர் சூட்டினார். கிரெஷாம் 1579-இல் இறந்தபோது எழுதி வைத்திருந்த உயில்தான் நமக்கு வேண்டியது. எக்ஸ்சேஞ்ச் கடைகளின் வாடகையிலிருந்து ஏழு பேராசிரியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். வானியல், வடிவக் கணிதம், சட்டம், மருத்துவம் முதலான ஏழு துறைகளில் அவர்கள் ஊர் மக்களுக்கு இலவசமாகச் சொற்பொழிவாற்ற வேண்டும். மனைவியின் மறைவுக்குப் பின் 1597-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்றும் நடக்கிறது. கிரெஷாம் கல்லூரி பட்டம் தருவதில்லை, மாணவர் சேர்க்கையும் அங்கே கிடையாது. வணிகத்துக்கென்று தனிப் பேராசிரியர் பதவியை 1985-இல்தான் சேர்த்தார்கள் என்பது வேடிக்கை.

இரண்டு விஷயங்களை இங்கே கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தச் சொற்பொழிவுகள் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் நடந்தன. கற்றவர்களுக்கும் அயல்நாட்டாருக்கும் லத்தீன். உள்ளூர் மாலுமிக்கும் கடைக்காரருக்கும் ஆங்கிலம். அன்றைய ஐரோப்பாவில் ஆங்கிலம் என்பது ஒரு தீவின் வட்டார மொழிதான். அந்த மொழியில் வானியல் சொன்னால் அறிவின் தரம் தாழ்ந்துவிடும் என்று கிரெஷாம் கல்லூரி அஞ்சவில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. 1660 நவம்பர் 28 அன்று, வானியல் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ரென் தம் சொற்பொழிவை முடித்தார். ரென் உட்படப் பன்னிரண்டு பேர் கலைந்து போகாமல் உட்கார்ந்து பேசினார்கள். சோதனைகள் செய்து பார்க்க ஒரு சங்கம் வைத்துக்கொள்வோம் என்று அன்றே முடிவு செய்தார்கள். பின்னாளில் நியூட்டன் தலைமை வகித்த ராயல் சொசைட்டி பிறந்தது அப்படித்தான். ரென் அன்று என்ன பேசினார் என்பதை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச்சுக்குப் பின் பன்னிரண்டு பேர் எழுந்து போகாமல் இருந்ததைத்தான் பேசுகிறார்கள்.

பல்கலைக்கழக மேடைப் பேச்சு எவ்வளவு சுருக்கமாக இருக்கலாம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1947 ஜூன் 5, ஹார்வர்டு. கௌரவப் பட்டம் வாங்க வந்திருந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே பேசினார். போரில் சிதைந்த ஐரோப்பா எழுந்து நிற்க அமெரிக்கா உதவும், திட்டத்தை ஐரோப்பியர்களே வகுக்கட்டும் என்பது சாரம். அடுத்த மாதமே பதினாறு நாடுகள் பாரிஸில் கூடின. 1948-க்கும் 1952-க்கும் இடையே ஏறத்தாழ 1,300 கோடி டாலர் கைமாறியது. நம் விழாக்களில் வாழ்த்துரைக்கே அதைவிடக் கூடுதல் நேரம் தருகிறோம்.

நம் ஊருக்கு வருவோம். கருத்தரங்குகள் ஏன் இப்படி ஆயின என்பதற்குக் காரணம் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. தரமதிப்பீட்டுக்கு 'நாக்' அமைப்பிடம் காட்ட வேண்டிய கோப்பில் நிகழ்ச்சிகளின் பட்டியல் வேண்டும், புகைப்படம் வேண்டும், கையெழுத்திட்ட வருகைப் பதிவு வேண்டும். கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கோப்பு கேட்பதில்லை. ஆசிரியருக்குப் பதவி உயர்வுக்குப் புள்ளி, மாணவருக்குச் சான்றிதழ். சான்றிதழ் பெரும்பாலும் விழாவுக்கு முந்தைய நாளே அச்சாகி வந்துவிடும். துறைத்தலைவர்களோடு பழகிய அளவில் சொல்கிறேன், அவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கோப்பு கேட்கிறதே.

செலவு யார் தலையில் என்பதும் ஒரு சங்கதி. அரங்க வாசலில், செலவில் பங்கேற்கும் புரவலர்களாக, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் பிடிக்கும் ஆலோசனை நிறுவனங்களின் ஸ்டால்களைப் பார்க்கலாம். கனடாவா, அயர்லாந்தா என்று துண்டறிக்கை நீட்டுவார்கள். பன்னாட்டு வணிகக் கருத்தரங்கில் உண்மையில் நடக்கும் ஒரே பன்னாட்டு வணிகம் அந்த மேசையில்தான். புரவலரின் பணத்தோடு புரவலரின் விருப்பமும் மேடை ஏறுவது உலகெங்கும் உள்ளது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மாணவர்கள் 1996 முதல் நடத்திவரும் இந்தியப் பொருளாதார மாநாட்டில், 2013-இல் அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி காணொளி வழியே பேசுவதாக இருந்தது. பேராசிரியர்கள் சிலரின் எதிர்ப்புக்குப் பின் அது ரத்தானது; அதை ஒட்டி முதன்மைப் புரவலரும் விலகிக்கொண்டார். அழைத்தது சரியா, மறுத்தது சரியா என்பது வேறு வழக்கு. யார் பேசுவது என்பதைப் பற்றி அங்கே சண்டையாவது நடந்தது. இங்கே சிறப்பு விருந்தினர் யார் என்பது அழைப்பிதழைப் பார்த்த பிறகே மாணவருக்குத் தெரியவருகிறது.

2025 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 27-ஆம் தேதி முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி மொத்தம் 50 விழுக்காடு ஆனது. திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி அப்போது சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது. கரும்பலகையில் கணக்குப் போடுவோம். நான்கு டாலர் விலையில் நாம் அனுப்பும் டி-ஷர்ட்டுக்கு 66.5 விழுக்காடு வரி என்றால் 2 டாலர் 66 சென்ட். வங்கதேசத்துக்கு அப்போது கூடுதல் வரி 20 விழுக்காடுதான். அதே நான்கு டாலர் டி-ஷர்ட்டுக்கு அவர்கள் பையர் கட்டியது 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட். ஒரு டி-ஷர்ட்டில் இந்த 1.20-ஐ யார் சுமப்பது? பையர் பாதி, நீ பாதி என்பாரா? கம்பெனி முதலாளி தம் பங்கை ஜாப் ஒர்க் செய்பவர் மீது தள்ளுவாரா? அவர் தைப்பவரின் பீஸ் ரேட்டில் கை வைப்பாரா? விலை ஏறிவிட்டது என்று அமெரிக்கத் தாய் ஒருவர் பிள்ளைக்கு இரண்டு வாங்குவதற்குப் பதில் ஒன்று வாங்கினால் யாருக்கு வேலை போகும்?

இதைவிட நல்ல பன்னாட்டு வணிகப் பாடம் ஒன்று உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடைக்காது. அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்த தெருக்களிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் பி.காம். சர்வதேச வணிகம் சொல்லித்தரும் கல்லூரிகள் பல இருக்கின்றன. அந்த வாரம் ஒரு மெர்ச்சண்டைசரை, ஒரு பையிங் ஏஜென்டை, வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரை, ஒரு தையல் தொழிலாளியை ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தால் மாணவர்களுக்கு எத்தனை செமஸ்டர் மிச்சமாகியிருக்கும்!

வெளிநாட்டுப் பேராசிரியரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாமல் போகலாம். மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் ஒரு பாட ஆய்வு வெளியிட்டது. எழுதியவர் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த சி.கே. பிரகலாத் தம் 2004-ஆம் ஆண்டு நூலில் அரவிந்தை விரிவாக எடுத்துக்காட்டினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டு விலையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று 1992-இல் மதுரையிலேயே அதைச் செய்ய ஆரோலேப் தொடங்கப்பட்டது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் போகிறது. பாஸ்டனில் எம்.பி.ஏ. படிப்பவர் மதுரையைப் பற்றி விவாதிக்கிறார். மதுரைப் பக்கத்துக் கல்லூரி மாணவருக்கு வால்மார்ட்டும் ஸ்டார்பக்ஸும் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பாடப் புத்தகத்தை அப்படியே வாங்கி நடத்தினால் வேறென்ன வரும்?

தூத்துக்குடிக்கு இன்னொரு பாடம் இருக்கிறது, அதை வணிகவியல் துறை வரலாற்றுத் துறைக்குத் தாரை வார்த்துவிட்டது. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைச் சொல்கிறேன். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடி–கொழும்பு வழித்தடம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. முதலில் வாடகைக்குப் பேசிய கப்பலை, பெரிய கம்பெனியின் நெருக்கடியால் உரிமையாளர் திரும்பப் பெற்றார். கொழும்பிலிருந்து வேறு கப்பல் வந்தது. பிறகு காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்கள். எதிராளி கட்டணத்தைக் குறைத்தார், இவர்களும் குறைத்தார்கள். ஒரு கட்டத்தில் பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு போய், கூடவே குடையும் கொடுத்ததாம். 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார்; 1911-இல் கம்பெனி கலைந்தது.

தேசபக்திக் கதையாக இதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வணிக மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆழமான பை உள்ளவன் விலைச் சண்டைக்கு வரும்போது சிறிய கம்பெனி எத்தனை மாதம் தாங்கும்? உணர்ச்சியால் பங்கு வாங்கியவர் லாபம் வராத ஆண்டில் என்ன செய்வார்? கம்பெனி ஒரே ஆளின் தோளில் நிற்கலாமா? இன்றைக்கு ஆன்லைன் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்து மளிகைக் கடைக்காரரைத் திணறடிப்பதற்கும் அந்தக் குடைக்கும் உறவு இருக்கிறதா? இந்தப் பாடத்தை வ.உ.சி. துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் காட்டியபடி, அங்கே சுங்க முகவர் (சி.எச்.ஏ.) அலுவலகத்தில் ஷிப்பிங் பில் போடும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்தலாம்.

மொழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பையருக்கு மெயில் எழுத ஆங்கிலம் வேண்டும், எல்.சி. எனும் வங்கிக் கடன் கடிதத்தோடு ஆவணம் ஒத்துப்போகாவிட்டால் வங்கி 'டிஸ்கிரிபன்சி' என்று திருப்பி அனுப்பும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யோசிப்பதற்கும் கேட்பதற்கும் தமிழ் போதாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டித்தொழில் நடத்தியபோது பேரேடும் ஐந்தொகையும் தமிழில்தான் இருந்தன. மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறிய ஏஜென்ட் தமிழில்தான் முதலாளிக்கு எழுதினார். அந்தக் கடல் கடந்த பணத்தில் ஒரு பங்குதான் 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாகவும், 1947-இல் காரைக்குடியில் அழகப்பர் கல்லூரியாகவும் நின்றது. பன்னாட்டு வணிகம் கட்டிய வளாகங்களிலேயே பன்னாட்டு வணிகத்தைத் தமிழில் கேட்கக் கூசுகிறோம். அன்று அரங்கில் எழுந்த சிரிப்பு, கேள்வி தமிழில் வந்ததற்காகத்தான் என்று இன்னமும் நினைக்கிறேன்.

துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் வேறு மாதிரி நடத்திப் பாருங்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்கும் பணத்தில் நாள் முழுக்கத் தேநீர் கொடுங்கள். பேச இருபது நிமிடம், கேட்க ஒரு மணி நேரம். வாசலைத் திறந்து வையுங்கள். ஊரில் சிறு கம்பெனி வைத்திருப்பவர்கள் வந்து பின்வரிசையில் உட்காரட்டும். லண்டன் பொருளாதாரப் பள்ளி தன் பொதுச் சொற்பொழிவுகளுக்கு யாரையும் கட்டணமின்றி அனுமதிக்கிறது, அதனால் அதன் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. வந்த கேள்விகளைத் தமிழில் அச்சிட்டு, பதில் தெரியாதவற்றுக்குப் பதில் தேட மாணவர்களை அனுப்புங்கள். 'நாக்' கோப்பில் அதையும் வையுங்கள்.

பேசுவதற்கு ஆள் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். வேப்பமரத்தடியில் அந்த மாணவியிடம் கேட்டேன்: "சரக்கு மாட்டிக்கிட்ட கதையை உங்க அப்பா இங்க வந்து சொல்வாராம்மா?" அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சனிக்கிழமை சம்பளம் போடுற நாளுங்க சார். மத்த நாள்னா வருவாருங்க."

இதுவரை அவரை யாரும் அழைக்கவில்லை.